மெஷினுக்கு உடைத்த தேங்காய்

நாங்கள் கனடாவில் பிரெஞ்சு பேசும் ஊரான லவாலில் வீடு வாங்கிப் போன முதல் குளிர்காலத்தில், எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, மாமா ஒரு பழைய ஸ்னோ அள்ளும் மெஷினோடு வந்து இறங்கினார். முன்னால் அகன்ற தகர வாய், அதற்குள் சுழலும் இரும்பு அலகுகள். மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. அவருடைய இரண்டு கைகளையும் நம்பித்தான் ஊரில் மாமியும் பிள்ளைகளும் கனடா வரக் காத்திருந்தார்கள்.

சில்லு வைத்த எதுவும் பூசை இல்லாமல் உருளக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். சனிக்கிழமை காலை, தெருவே வெளியில் நின்று ஸ்னோ அள்ளிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மெஷினின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம். கற்பூரத் தட்டு என் கையில். எதிர்வீட்டு ஜன்னலில் என் வகுப்புப் பிள்ளை நின்றாள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. பூமியோ முழங்காலளவு ஸ்னோவுக்குக் கீழே கிடந்தது.

மாமா படியில் தேங்காயை ஓங்கி அடித்தார். ஒரு பாதி அம்மாவின் காலடியில் விழுந்தது. மற்றது பறந்துபோய் ஸ்னோவுக்குள் புதைந்தது.

"தம்பி, அதையும் தேடி எடு. மிதிபடப் போகுது," என்றார் அம்மா.

"விடுங்கோ அக்கா, மெஷினே எடுத்துத் தரும்."

மாமாவின் வாக்குப் பாதி பலித்தது. மெஷின் எடுத்துக்கொண்டது, தரத்தான் மனமில்லை. கடகடவென்று ஒரு சத்தம், அலகுகள் இறுகி நின்றன, எஞ்சினும் அணைந்தது. மாமா கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் செருகிக்கொண்டு குனிந்தார்.

பக்கத்து வீட்டுக் கிழவர் பிரெஞ்சில் கத்தினார். அவரை எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. குடிவந்த அன்று மாமா கைகொடுக்கப் போனபோது, வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்தபடியே தலையை மட்டும் ஆட்டியவர். கடைக்குள்ளும் அந்தக் கையின் உறையைக் கழற்றமாட்டார். எங்கள் நிறம் ஒட்டிவிடுமென்று பயமாக்கும் என்பார் அப்பா.

"மெஷின் சத்தத்துக்கு ஏசுறார் போல," என்றார் மாமா. "ஓம் ஓம், நிப்பாட்டியாச்சு" என்று கிழவருக்குக் கையசைத்துவிட்டு, அதே கையை மெஷினின் வாய்க்குக் கொண்டுபோனார்.

கிழவர் ஸ்னோ மேட்டைத் தாண்டி ஓடிவந்து மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னவாம் பிள்ளை, கேள்," என்றார் மாமா என்னிடம். வீட்டில் பள்ளிக்கூடப் பிரெஞ்சு என்னிடம்தான் இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் கிழவர் தன் வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தார். பெருவிரலும் சுட்டுவிரலும் இருந்தன. மற்ற மூன்றும் இருக்கவில்லை. தெருவே பார்க்க அந்தக் கையை மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். மொழிபெயர்க்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

பிறகு விளக்குமாற்றுத் தடி ஒன்றைக் கொண்டுவந்து தேங்காயை நெம்பினார். எஞ்சின் அணைந்துதான் கிடந்தது. ஆனாலும் சிரட்டை விடுபட்டதும் இறுகி நின்ற அலகுகள் ஒரு துள்ளுத் துள்ளித் தடியை முறித்துப்போட்டன. மாமா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா நல்ல பாதித் தேங்காயைக் கிழவரிடம் நீட்டினார். அவர் இடது கையால் வாங்கினார். பிரசாதத்தை இடது கையால் வாங்கினால் முகம் சுளிக்கும் அம்மா அன்று சுளிக்கவில்லை.

வகுப்புப் பிள்ளை இன்னும் ஜன்னலில்தான் நின்றாள். பொட்டு, எலுமிச்சம்பழம், தேங்காய் எல்லாவற்றுக்கும் சேர்த்து வெட்கத்தில் என் காது சுட்டது. அந்தத் தெருவில் வெட்கப்பட எங்களைத் தவிர வேறு யாருமில்லை என்று நினைத்தேன்.

கிழவர் ஸ்னோவில் விழுந்து கிடந்த கையுறையை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, அவசரமாக மாட்டிக்கொண்டார். குளிர் தாங்கவில்லை என்றுதான் நினைத்தேன்.