கிச்சனைப் பார்க்கச் சொன்னார்கள்

விஷ்ராந்த்வாடியில் இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டை முதலில் போய்ப் பார்த்தது நான் தனியாகத்தான். ஆபீஸ் முடிந்து அப்படியே ஸ்கூட்டரில் போனேன். மூன்றாவது மாடி. கதவைத் திறந்த ஓனர் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, என் தோளுக்கு மேலே மாடிப்படியை எட்டிப் பார்த்தார்.

“சாகேப் வண்டியை நிறுத்திட்டு வர்றாரா?”

“இல்லை, நான் மட்டும்தான்.”

அவர் முகத்தில் கோபம் இல்லை. பனீர் கேட்டவருக்குப் பாகற்காய் வந்த மாதிரி ஒரு ஏமாற்றம், அவ்வளவுதான். ஏதோ அரசாங்க ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். நாசிக்கில் இருக்கும் மகனோடு போய் இருக்கப்போவதால் வீட்டை விற்கிறார். மரியாதையான மனிதர், தண்ணீர் கொடுத்தார், ஃபேன் போட்டார். விலையைக் கேட்டேன். “ஞாயிற்றுக்கிழமை சாகேபைக் கூட்டிக்கிட்டு வாங்க, பேசலாம்” என்றார். வீட்டுக் கடன் என் பேரில், தவணை என் சம்பளத்தில் என்று சொன்னேன். “அதனாலென்ன, அவர் வரட்டும்” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

வரவேண்டிய அந்த சாகேபைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். லாப நஷ்டக் கணக்கை அவர் நடத்தினால் பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். ஆனால் பேரம் வராது. ஒரு தடவை மாம்பழப் பெட்டி விலை கேட்டுவிட்டு, “அவ்வளவுதானா?” என்று சொல்லிக் கடைக்காரரையே திகைக்க வைத்தவர். நான் தேஹு ரோடில் வளர்ந்தவள். அப்பாவுக்கு ராணுவ டெப்போவில் வேலை. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, மராத்தி. ஷேர் ஆட்டோக்காரர்களோடு சண்டை போட்டே மராத்தி கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் விலை பேசுவது என் இலாகா.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். ஓனர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கி சோபாவில் உட்கார வைத்தார். நானும் உட்காரப் போனேன். அதற்குள் அவர் உள்பக்கம் திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டு, “இவங்களுக்குக் கிச்சனைக் காட்டு” என்றார். இவர் என்னைப் பார்த்த பார்வை, நர்சரியில் முதல் நாள் விட்டுவிட்டு வரும்போது என் பிள்ளை பார்த்த பார்வை.

ஓனரின் மனைவிக்கு அறுபது வயதிருக்கும். எல்லோரையும் போல நானும் ‘காக்கு’ என்று கூப்பிட்டேன். நம் ஊரில் சித்தி என்போமே, அந்த மாதிரி. சமையலறை பளபளவென்று இருந்தது. புது பெயின்ட், வெண்ணெய் நிறம். காக்கு மேடையைக் காட்டினார், கேஸ் வரும் குழாயைக் காட்டினார், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நான் சும்மா ஒரு பேச்சுக்கு, “மழைக்காலத்துல ஒண்ணும் தொந்தரவு இல்லையே?” என்றேன்.

காக்கு ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தொட்டிக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். தண்ணீர் எவர்சில்வரில் தடதடவென்று கொட்டியது. அந்தச் சத்தத்துக்கு உள்ளே, மேடைக்குக் கீழே பாத்திரம் அடுக்குகிற இழுப்பு டிராலியை வெளியே எடுத்து, “கையை விட்டுப் பார்” என்றார்.

விட்டேன். பின்சுவர் ஊறவைத்த ரொட்டி மாதிரி இருந்தது. விரலோடு ஒரு துண்டு உதிர்ந்து வந்தது.

“மேல் வீட்டு பாத்ரூம் தண்ணி. வருஷா வருஷம் இப்படித்தான். பெயின்ட் அடிச்சு ஒரு மாசம்தான் ஆச்சு.”

அடுத்து டிரை பால்கனி. துணி துவைக்கிற அந்தச் சின்ன இடத்தில் தரை வாட்டம் தப்பு. தண்ணீர் வெளியே போகாமல் சமையலறைப் பக்கம் வருகிறது. அடுத்து குளியலறைக் குழாய். சுவருக்குள் இரும்பு துருப்பிடித்து, காலையில் முதல் வாளித் தண்ணீர் டீ நிறத்தில் வரும். ஒவ்வொன்றையும் காட்டிவிட்டு, “எழுதிக்கோ” என்றார். நான் மொபைலில் மளிகை லிஸ்டுக்குக் கீழேயே எழுதிக்கொண்டேன். துவரம் பருப்பு, சோப்பு, பின்சுவர், தரை வாட்டம்.

“காக்கு, இதையெல்லாம் எனக்கு ஏன் சொல்றீங்க?”

“அவரைச் சொல்லச் சொன்னேன். ‘வீடு விக்கிற வியவகாரம் உனக்குப் புரியாது’ன்னு என்னைச் சொல்லிட்டார்.” குழாயைக் கொஞ்சம் குறைத்தார். “தப்பா நினைக்காதே, அவர் ஏமாத்துக்காரர் இல்லை. நிஜமாவே அவருக்குப் பாதி தெரியாது. மழையில இந்தத் தரையைத் துடைச்சது நான். அவர் ஆபீஸ்ல இருந்தார்.”

ஹாலில் இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இவர் ஏதாவது விலைக்குத் தலையாட்டிவிடுவாரே என்று ஹாலுக்கு விரைந்தேன்.

நினைத்தபடியே ஆயிற்று. ஸ்கூட்டரில் திரும்பும்போது இவர் பின்னால் இருந்து சொன்னார்: “நல்ல மனுஷன்மா. ரிப்பேர்னு பெரிசா ஒண்ணும் இல்லையாம். இருந்தாலும் முப்பதாயிரம் குறைச்சுக்கறேன்னு அவரே சொன்னார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ரொம்ப தேங்க்ஸ்னு சொன்னேன்.”

வண்டியை ஓரமாக நிறுத்தி லிஸ்டைக் காட்டினேன். படித்தார். “துவரம் பருப்பு வீட்ல இருக்கே” என்றார். பிறகு மிச்சத்தையும் படித்தார்.

காக்குவைக் காட்டிக்கொடுக்காமல் இதையெல்லாம் பேச்சில் கொண்டுவர வேண்டும். ஏரவாடாவில் இருந்து ஒரு மேஸ்திரியைப் பிடித்தேன்; ஓதம் ஏறிய சுவர்களைச் சரி செய்வதுதான் அவர் தொழில். எங்கே தட்டவேண்டும் என்று ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தேன். “நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கணும்” என்றேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணை மூடிக் காற்றை மோந்து பார்த்தார். ஹால் சுவரில் காதை வைத்துக் கேட்டு, தலையை ஆட்டினார். அந்தச் சுவரை நான் சொல்லவே இல்லை. பிறகு யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி நேராகச் சமையலறைக்குப் போய் டிராலியை உருவினார்.

ஓனர் அசந்துபோனார். “எப்படித் தெரிஞ்சுது?”

“வாசனை சாகேப். இருபது வருஷப் பழக்கம்.”

காக்கு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார்.

மேஸ்திரி எல்லாம் பார்த்து முடித்து, மூன்று லட்சத்து இருபதாயிரம் என்று எழுதிய தாளை மடித்து மரியாதையாக என் கணவர் கையில் கொடுத்தார். படம் போட்டுக் கொடுத்தது நான், கூலி பேசியது நான். இவர் அதை வாங்கி அப்படியே என்னிடம் நீட்டினார்.

அடுத்த ஞாயிறு பேச உட்கார்ந்தோம். இவருக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தேன்: “அவங்ககிட்ட கேளுங்க.”

ஓனர் இவர் பக்கம் சாய்ந்தார். “சாகேப், லேடீஸ் ஒரு கறையைப் பார்த்தா வீடே இடியப்போகுதுன்னு நினைப்பாங்க. நாம பிராக்டிகலா பேசுவோம். அம்பதாயிரம்?”

“அவங்ககிட்ட கேளுங்க.”

“அவங்களுக்கு இந்த ரேட்டெல்லாம் என்ன தெரியும்?”

“அவங்ககிட்ட கேளுங்க.”

ஓனர் பேச்சை மாற்றினார். “டீயில சர்க்கரை போடலாமா?”

“அவங்ககிட்ட கேளுங்க” என்றார் இவர், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். வகுப்பில் முப்பது வருஷமாக இந்த முகத்தை வைத்துத்தான் பிள்ளைகளை மிரட்டிக்கொண்டிருக்கிறார்.

வேறு வழியில்லாமல் ஓனர் என் பக்கம் திரும்பினார். நான்கு சந்திப்பில் அவர் என் முகத்தைப் பார்த்து விலை பேசியது அப்போதுதான். நான் தாளை விரித்து, மராத்தியில் வரி வரியாகச் சொன்னேன். பின்சுவருக்கு இவ்வளவு, குழாய்க்கு இவ்வளவு. டிராலி மாற்றுவதை வேண்டுமானால் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அவர் எழுபத்தைந்தாயிரத்துக்கு வந்தார், ஒரு லட்சத்துக்கு வந்தார். நடுவில் இவரைப் பார்த்து, “வீட்ல உங்களுக்குக் கஷ்டம்தான் போல” என்று அனுதாபப்பட்டார். இவர் மறுபடி வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தார். நான் காலை மிதித்தேன்.

“அவசரம் இல்லை” என்றேன். “இப்ப ஏப்ரல். மழை ஆரம்பிக்கட்டும். ஜூலையில வந்து சுவரைப் பார்த்துட்டு விலை பேசிக்கலாம்.”

ஜூலை என்றதும் அவர் நிமிர்ந்தார். “தண்ணியே வராது மேடம். வேணும்னா இவளையே கேளுங்க.” உள்ளே பார்த்து, “இந்த வீட்ல என்னைக்காவது தண்ணி வந்திருக்கா, சொல்லு” என்றார்.

காக்கு டீ தட்டோடு வந்து நின்றார். அவர் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசிக் கோப்பையையும் வைத்த பிறகு சொன்னார்:

“எனக்கென்ன தெரியும்? வீட்டு வியவகாரம் எனக்குப் புரியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஓனர் சோபாவில் இருந்து பாதி எழுந்தார். மனைவி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. ஆனால் பரிதாபத்தைப் பேரம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று டீயைக் குடித்தேன்.

இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் குறைப்பது என்று முடிந்தது. எழுந்திருக்கும்போது அவர் எனக்குக் கை கொடுக்கவில்லை; இவருக்குத்தான் கொடுத்தார். போகட்டும், விற்பனைப் பத்திரத்தில் குறைத்த விலைதான் ஏறியது, என் பேருக்கு நேராக.

மே மாதம் முழுக்க மேஸ்திரி வேலை செய்தார். ஜூன் கடைசியில் மழை கொட்டியபோது நானும் இவரும் டிராலியை உருவிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். சுவர் காய்ந்து கிடந்தது. ரொம்பப் பெருமையாகப் படுக்கையறைக்குப் போனால், ஜன்னல் மூலையில் இருந்து சுவரோடு ஒரு கோடு இறங்கி மெத்தை ஓரத்தை நனைத்துக்கொண்டிருந்தது. இது லிஸ்டில் இல்லை. வாசனை பிடிக்கிற மேஸ்திரிக்கும் தெரியவில்லை.

நாசிக்குக்கு போன் போட்டேன். காக்குதான் எடுத்தார்.

“ஜன்னலா? எந்த ஜன்னல்?” கொஞ்சம் யோசித்தார். “அட, அந்தப் பக்கம் அவர்தான் படுப்பார். இத்தனை வருஷமா நனைஞ்சுகிட்டே படுத்திருந்திருக்கார், பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பின்னால் ஓனரின் குரல் யார் என்று கேட்டது.

“ஒண்ணுமில்லை, புடவைக்கு ஃபால் தைக்கறதைப் பத்தி” என்று அவருக்குப் பதில் சொன்னார் காக்கு. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, உள்ளே பூசினால் நிற்காது, ஜன்னலுக்கு வெளியே கல்லை வெளிப்பக்கம் சரிவாகப் பதிக்கச் சொல், மேஸ்திரி ஆயிரத்தைந்நூறுக்கு மேல் கேட்டால் கொடுக்காதே என்றார்.