ஐம்பத்தெட்டு இலட்சத்துச் சொச்சம்

நேற்று ஏதோ தேடி அலுமாரியைக் கிண்டியபோது என் சாதகத்தின் பிரதி கையில் வந்தது. முன்பக்கம் கட்டங்கள். பின்பக்கம் பென்சிலில் அண்ணையின் கிறுக்கல்: 5882353. இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்களே சொல்லுங்கள், தங்கச்சியின் சாதகத்தில் யாராவது பெருக்கல் செய்து பார்ப்பார்களா?

அண்ணை பார்த்தார். எழுபதுகளின் நடுப்பகுதி. சுருவில் என்ற தீவுக் கிராமத்தில் இருந்தோம். அவர் கணக்கு வாத்தியார். எனக்குக் கலியாணம் பேசுகிற காலம். கடதாசிக்கோ நாடெங்கும் தட்டுப்பாடு. கணக்குப் போடச் சவர்க்காரம் சுற்றி வந்த தாளைக்கூட விடமாட்டார். பத்துக்கோடியே ஒன்றைப் பதினேழால் பிரித்தாராம், மிச்சமில்லாமல் இந்த எண் வந்ததாம். அதை 588, 2353 என்று வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அதே துண்டால் பெருக்கிக் கூட்டினால் திரும்ப அதே எண்ணாம்.

"வெட்டினதெல்லாம் வந்து ஒட்டுது, ஒருக்காக் கூட்டிப் பார் பிள்ளை!" என்று குசினிக்குள் வந்து நிற்பார். என் கையெல்லாம் மீன் செதிள்.

"எனக்கு வேறை வேலையில்லையே?"

அந்தச் சாதகத் தாள்தான் அனலைதீவுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. மாப்பிள்ளை வீட்டுச் சாத்திரியார் அதைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். இவ்வளவு எழுதி, அழித்து, திரும்ப எழுதியிருக்கிறார்கள் என்றால் பெண்ணின் செவ்வாய்க் குற்றத்தை மறைக்கத்தான் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். சம்பந்தம் குழம்பியது. எனக்கு இருபத்தொன்பது வயது. பொடியனின் படம் எனக்குப் பிடித்திருந்தது, அதை வெளியே சொல்லவா முடியும்? கிணற்றடியில் போய் அழுதேன்.

அம்மா அண்ணையை ஊர்காவற்றுறைக்குத் துரத்தி அனலைதீவு வள்ளம் ஏற்றினார். "போய் நடந்ததைச் சொல்லிப்போட்டு, ஓமோ இல்லையோ எண்டு கேட்டுக்கொண்டு வா."

பின்னேரம் முகமெல்லாம் பல்லாக வந்தார். "அம்மா, மாப்பிளையும் கணக்குக்காரன்! தானே பெருக்கிப் பாத்தவர். சரியாம்!"

"கலியாணம்?"

தலையைச் சொறிந்தார். "அதைக் கேக்க மறந்து போனன்."

அகப்பையை எறிந்தேன். படவில்லை; அந்தக் கவலை இன்றைக்கும் உண்டு.

அடுத்த கிழமை அவர்களாகவே ஓம் என்று சொல்லியனுப்பினார்கள். அதோடு என் தலைவலி தீர்ந்ததா? ஒரு விசரனோடு இருந்தவளுக்கு இரண்டு விசரர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு இதேபோல இன்னோர் எண் தேடுவார்கள். சோறு ஆறும். கத்துவேன். "நீரும் ஒருக்காச் செய்து பாருமன்" என்பார் என் மனுசன். செய்யவே இல்லை. அவ்வளவு கோபம் எனக்கு அந்த எண்ணில்.

அந்த வீடு இப்போது இல்லை. கதிரைகள் எங்கே போயினவோ. மனுசன் போய் ஆறு வருடம், அண்ணை போய் எட்டு மாதம்.

நேற்று பென்சிலோடு சாப்பாட்டு மேசையில் இருந்தேன். 2353-ஐப் பெருக்கும்போது இரண்டு தரம் பிழைத்தது. மூன்றாந்தரம் 5536609 வந்தது. 588-க்கு வந்த 345744-ஐக் கூட்டினேன். ஐம்பத்தெட்டு இலட்சத்துச் சொச்சம், ஒன்றும் குறையாமல்.

"சரிதான் அண்ணை" என்று வாய்விட்டுச் சொன்னேன். என் சோறு ஆறிப்போயிருந்தது. ஏச ஒருவரும் இல்லை.