இருபத்தொன்பதாம் நாள்

பட்டாளத்தில் இருபத்து நான்கு வருடம் இருந்துவிட்டு வந்த பொன்னுராஜுக்கு வரிசையில் நிற்பது புதிதல்ல. நின்றால் தன் முறை வரும் என்று நம்புகிறவர். அந்த நம்பிக்கைதான் அவரை ஒன்பது மாதம் அலையவிட்டது.

அவரும் மனைவி அழகுத்தாயும் ராஜபாளையத்தில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தார்கள். பதினேழு படி. போன வருடம் அழகுத்தாய்க்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலற்றுப் போனது. அதிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மட்டும், கீழ்வீட்டு மில் தொழிலாளிகள் இரண்டு பேர் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். தெரு பார்க்கிற கூச்சத்தில் அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி அவருக்கு மூன்று சென்ட் மனை கிடந்தது. தரையோடு ஒரு சின்ன வீடு, சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம், மூன்றரை அடிக் கதவுகள். அவர் கேட்டது அவ்வளவுதான். இன்ஜினியர் பிரேம்குமார் வரைபடம் போட்டு, அவசரம் புரியட்டுமே என்று அழகுத்தாயின் மருத்துவச் சான்றையும் சேர்த்து, கட்டட அனுமதி கேட்டு ஆன்லைனில் ஏற்றினான்.

முப்பது நாளில் அலுவலகம் முடிவு சொல்ல வேண்டும் என்றிருந்தது. இருபத்தொன்பதாம் நாள், வடக்கு எல்லை தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. திருத்திக் கொடுத்தார்கள். அடுத்த இருபத்தெட்டாம் நாள், மனைக்குப் போகும் பாதையின் அகலம் பத்திரத்தில் ஒன்று, தரையில் ஒன்று என்று மறுபடி திரும்பியது. சர்வேயர் வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போய்விட்டதால் அளக்க ஒன்றரை மாதம். அளந்து முடித்தபோது கையெழுத்துப் போட வேண்டியவர் மாறுதலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார்.

அந்தப் பாதையிலேயே இதற்குள் மூன்று வீடுகள் அனுமதி என்ற பேச்சே இல்லாமல் எழும்பி, ஒன்றில் பால் காய்ச்சிக் குடியும் போய்விட்டார்கள்.

அலுவலகத்தில் எழுத்தர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

“ஏழு மாசமா? யாரு சொன்னா? இங்க பாருங்க சார், ஒங்க ஃபைலுக்கு இன்னைக்குத்தான் நாலாவது நாளு. எங்க ஆபீசுல ஒரு ஃபைல்கூட லேட்டு கெடையாது.”

“திருப்பி அனுப்புன நாளெல்லாம்?”

“திருப்புனா அது முடிஞ்ச ஃபைலு. நீங்க குடுக்கிறது புது ஃபைலு.”

பொன்னுராஜ் தன் காகிதங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அந்தப் புது ஃபைலும் திரும்பியபோது பிரேம்குமார் தலையைச் சொறிந்துகொண்டு மாடியேறி வந்தான்.

“அண்ணாச்சி, சாய்தளமும் பெரிய கதவும் இருக்கவும், சரக்கு எறக்குற குடோனோன்னு சந்தேகப்படுதாவ.”

“கட்டிலும் கக்கூசும் போட்டிருக்கிற படத்துலயா? சான்று வச்சிருக்கமே தம்பி!”

“அதெல்லாம் யாரு படிக்கா? படத்துல சாய்தளத்த எடுத்துருவோம், கதவ ரெண்டரை அடி ஆக்கிருவோம். அனுமதி வந்த பொறவு ஒங்க இஷ்டத்துக்குக் கட்டுங்க. ஊரே அப்படித்தான கட்டுது.”

“பொய்ப் படத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

உள்ளே கட்டிலிலிருந்து அழகுத்தாயின் குழறிய குரல் வந்தது. “ஏங்க... ஒங்க நெசத்த நீங்களே வச்சிக்கிடுங்க. படி எறங்கப்போறது நாந்தான?”

அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமலே வைத்தார்.

இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. ‘மனுதாரரின் மனைவி மாற்றுத்திறனாளி எனச் சான்று இணைக்கப்பட்டுள்ளது. எனினும் வரைபடத்தில் சாய்தளம் காட்டப்படவில்லை. விளக்கம் தேவை.’

நின்றபடியே மூன்று தடவை படித்தார். பிறகு கொத்தனார் பால்பாண்டிக்குப் போன் போட்டார்.

“நாளைக்குக் காலைல ஆளோட வா. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டணும்.”

“அனுமதி வந்துட்டா மிலிட்டரி?”

“நீ வாலே.”

அழகுத்தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “எம்புட்டு நாள்ல முடிப்பானாம்?”

“நாலு மாசம்ங்கான்.”

“கொத்தனாரு நாலுன்னா எட்டு. பரவால்ல, அதுவாவது ஒரு கணக்கு.” உடனே அடுத்ததைக் கேட்டாள். “கட்டுன பொறவு சீல் வச்சிட்டா?”

“நீ உள்ள ஒக்காந்திருக்கும்போது எவன் வைக்கான்னு பாப்போம்.”

சொல்லிவிட்டார். ஆனால் உட்காரவில்லை. அலமாரியிலிருந்து காகிதக் கட்டை எடுத்து, வந்த கேள்விகளையும் தான் கொடுத்த பதில்களையும் தேதிவாரியாக அடுக்க ஆரம்பித்தார்.