இடுப்புப் பட்டை

பித்தளைத் திருப்புளியைப் பிடித்திருந்த கை, சிறு காந்தத் துண்டைத் துளைக்குள் இம்மி தள்ளிவிட்டு மெல்ல விலகியது. திசைகாட்டியின் ஊசி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. உருண்டு போன திருகை எடுக்க அவர் ஒதுங்கிக் குனிந்தார். ஊசி திரும்பியது. கிட்டே வந்தார். பழைய இடத்துக்கே வந்தது.

"என்னண்ணே, நீங்க போற பக்கமெல்லாம் பாக்குது?" என்று சிரித்தார் படகின் இன்ஜின்காரர்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பைகளைத் தடவினார். சாவி இல்லை, கத்தி இல்லை. இந்த வேலைக்கு இரும்புப் பொத்தான் வைத்த சட்டைகூடப் போடமாட்டார். கை இடுப்புக்கு வந்ததும் நின்றுவிட்டது.

மீன்பிடிக் காலம் தொடங்குமுன் மனைவி வேன் ஓட்ட, வடகரையின் ஒதுக்கமான ஊர்களுக்கெல்லாம் போய்ப் படகுகளின் திசைகாட்டிகளைச் சரிபார்ப்பதுதான் அவர் பிழைப்பு. படகிலுள்ள இரும்பு, ஊசியை ஒருபக்கம் இழுக்கும். எதிர்ப்பக்கம் காந்தம் வைத்து அதைச் சமன் செய்ய வேண்டும். வேன் போட்ட குலுக்கலில் இடுப்பு பிடித்துக்கொள்ள, நேற்று முந்தின ஊரில் மனைவி ஒரு பட்டை வாங்கி, சட்டைக்குள் இறுக்கிக் கட்டிவிட்டாள். உள்ளே எஃகுத் தகடுகள். அதோடுதான் அங்கே ஒரு படகைச் சரிபார்த்தார். படகின் இரும்போடு தன் இடுப்பையும் சேர்த்துச் சமன் செய்துவிட்டு, இடுப்பை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

அந்தப் படகு இன்று சாயங்காலம் கடலுக்குப் போகிறது.

"இதைத் தொடாதீங்க. வந்து முடிக்கிறேன்" என்று இன்ஜின்காரரிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் படகின் கேப்டன் எடுக்கவில்லை. மனைவி வேனை வடக்கே, முந்தின ஊருக்கே திருப்பினாள்.

"நான்தானே கட்டிவிட்டேன்" என்றாள் கொஞ்ச தூரம் போனதும்.

"கட்டிக்கிட்டவன் நான். தொழில் யாரோடது?"

"வலியில்லாம நிக்கட்டும்னு பாத்தேங்க."

"வலிச்சே இருந்திருக்கலாம்."

ஒருபக்கம் பாறை, மறுபக்கம் கடல். பூட்டிக் கிடந்த விடுதிகள், சங்கிலி போட்ட பெட்ரோல் பங்க், ஆளில்லாத ஐஸ் கொட்டகை. கடல்மேல் மூடுபனி திரண்டுகொண்டிருந்தது. அந்தத் துறைக்கு வெளியே பாறைத்திட்டுகளின் நடுவே ஒடுக்கமான ஒரே வழி. பனியில் கண் உதவாது. மின்கருவிகளோ உப்புக்காற்றில் அடிக்கடி படுத்துவிடும். மிச்சம் ஊசிதான். பட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். ஒவ்வொரு குழியும் முதுகில் குத்தியது. மெதுவாகப் போ என்று அவர் சொல்லவில்லை.

அவர்கள் போனபோது கேப்டன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, எதையாவது மறந்துட்டீங்களா?"

அவர் படகேறிப் பட்டையைத் திசைகாட்டியருகே நீட்டினார். ஊசி சாய்ந்தது. "நேத்து இது என் இடுப்புல இருந்தது."

கேப்டன் ஊசியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் அக்கா பசங்க ரெண்டு பேரும் இதுல வர்றாங்க. வெளிய பாறைன்னு தெரியும்ல?"

"தெரியும். அதான் ஓடிவந்தேன்."

"நேத்தும் தெரியும்தானே?"

அவர் பட்டையை மனைவியிடம் நீட்டினார். அது வேனுக்குப் போனது. படகு துறைக்குள் வட்டமடிக்க, ஒரு கையால் கம்பத்தைப் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு காந்தமாக நகர்த்தினார். முடித்து மூடியைத் திருகியதும் கேப்டன் சொன்னார்: "இப்ப இறங்குங்க. நீங்க இல்லாதப்ப அது என்ன சொல்லுதுன்னு நான் பாக்கணும்."

கரையில் இரண்டு வெள்ளைக் கம்பங்கள் உண்டு. இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி படகை நிறுத்தினால் திசை இன்னதென்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். படகு அங்கே போனது. மனைவி தோளைக் கொடுத்தாள். சாய்ந்துகொண்டார்.

"ரொம்ப வலிக்குதா?"

அவர் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். அது திரும்பி வந்தது.

"சரியா இருக்கு" என்றார் கேப்டன். பிறகு, "அடுத்த வருஷம் வேற ஆளை வச்சுக்கறேண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க."

"சரி" என்றார். "அந்தப் பழைய அட்டையைக் குடுங்க."

எந்தத் திசையில் ஊசி எவ்வளவு பிசகும் என்று நேற்று எழுதிக் கொடுத்த அட்டை. வாங்கிக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். இன்று குறித்த புதியதை எடுத்தார். படகு தாழ்வாக நின்றது. அவரால் குனிய முடியவில்லை. கேப்டன் எக்கிக் கையை நீட்ட, அட்டையை அந்தக் கையில் வைத்தார்.