டூப்ளிகேட் பாட்டில்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் என்னைக் கண்டால் எல்லோருக்கும் கொஞ்சம் உதறல்தான். தண்ணீர்ச் சோதனையில் தரக்கட்டுப்பாடு என் பொறுப்பு. ஒரே இடத்துத் தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்துவர வேண்டும். இரண்டாவது பாட்டிலுக்கு டூப்ளிகேட் என்று பெயர். இரண்டும் ஒரே அளவைக் காட்டினால்தான் ரிப்போர்ட் வெளியே போகும்.

அன்று வந்தது கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக் கைப்பம்புத் தண்ணீர். உப்பு ஜாஸ்தி என்று ரிப்போர்ட் போனால்தான் அவர்களுக்குக் குடிநீர்க் குழாய் வரும். இல்லையென்றால் மனு குப்பைக்கூடைக்குப் போய்விடும். முதல் பாட்டிலில் அள்ளிக் கொட்டியது போல உப்பு. டூப்ளிகேட்டில் பேருக்குக்கூட இல்லை.

என் கோபம் நேரே சக ஆய்வாளர் மேல் பாய்ந்தது. அண்ணாமலை நகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற சாதுவான மனிதர்.

"பாட்டில மாத்திட்டீங்களா சார்? பியூரெட் கண்ணாடிக் குழாய ஒழுங்கா கழுவுனீங்களா?"

மூன்று முறை திரும்பச் செய்ய வைத்தேன். பாவம், அவருடைய மதியச் சாப்பாடு நாலு மணிக்குப் போய்விட்டது. பதில் மட்டும் மாறவில்லை.

"மேடம், டூப்ளிகேட்டப் பம்புல யாரு புடிச்சது?" என்று மெதுவாகக் கேட்டார்.

தண்ணீர் பிடித்தவர் என்று படிவத்தில் இருந்தது என் கையெழுத்து. நடந்தது வேறு. வெயில் தாங்காமல், பம்புக்கு எதிர்வீட்டு அம்மாவிடம் பாட்டிலை நீட்டி, "இது டூப்ளிகேட், இதையும் ரொப்பிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன். அதை அவரிடம் மறைத்து, படிவத்தை மூடி வைத்தேன்.

மறுநாள் காலையிலேயே குப்பத்துக்கு ஓடினேன்.

"டூப்ளிகேட்டுன்னு நீதான சொன்ன?" என்றார் அந்த அம்மா. "எங்க தண்ணி போலின்னு ஆபீசுல எழுதிட்டா நல்லாவா இருக்கும்? அதான் ஒரிஜினல் நல்ல தண்ணியா ஊத்துனேன். குடிக்கறதுக்குன்னு பக்கத்தூருலேர்ந்து தூக்கியாந்து வச்சிருந்தது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த ஒரு பாட்டில் நல்ல தண்ணீர், ஊருக்கே வரவேண்டிய குழாயைக் கெடுத்திருக்கும். இந்தத் தடவை நானே பம்பை அடித்து, இரண்டு பாட்டிலையும் நானே நிரப்பினேன்.

சோதனையில் இரண்டும் ஒரே உப்பு. ரிப்போர்ட் போயிற்று. பழைய படிவத்தில் என் தவற்றை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு சக ஆய்வாளரிடம் நீட்டினேன்.

நிதானமாகப் படித்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி கேட்டார்: "இந்தக் கையெழுத்தாவது ஒரிஜினல்தானே மேடம்?"