போனில் கதைக்காதை

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மகளின் அழைப்பு வந்தது. மிசிசாகாவில் வேலை முடிந்து அப்போதுதான் காரில் ஏறியிருந்தேன்.

"அப்பா, கேஸை மூடச் சொல்லீனம். நான்தான் சைன் பண்ணோணுமாம்."

எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் அவள் அரசாங்க வழக்கறிஞர். ஜனாதிபதிக்கு வேண்டிய ஒரு வியாபாரியை அவளுடைய அலுவலகம் விசாரித்துக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னது யார் என்று மேலதிகாரி வாயால் சொல்லவில்லையாம். விரலால் மேலே காட்டினாராம்.

இதே மகள்தான் பொங்கலுக்கு வந்தபோது எனக்குப் பாடம் எடுத்தவள். "பிரெசிடன்ற் வேலைக்கு ஆளைப் போடலாம், வேலையில இருந்து தூக்கலாம். ஆனா இவனைப் பிடி, அவனை விடு எண்டு சொல்லுறேல்லை."

"எந்தச் சட்டத்தில கிடக்கு?"

"எல்லாம் சட்டத்தில இல்லை அப்பா. அது ஒரு வழமை."

"வழமையோ? எங்கட நாட்டிலயும் கன வழமை இருந்தது, பிள்ளை."

"தொடங்கிட்டார்," என்று தாயைப் பார்த்துச் சிரித்தாள்.

இப்போது அவள் சிரிக்கவில்லை. "நான் என்ன செய்ய, அப்பா?"

என் வாய் முந்திக்கொண்டது. "போனில ஒண்டும் கதைக்காதை. வீட்ட வா." துண்டித்துவிட்டேன்.

யுத்த காலத்தில் ஊரில் நாங்கள் பொலிஸ், விசாரணை என்ற சொற்களைப் போனில் எடுப்பதில்லை. ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால், அவருக்குக் காய்ச்சல் என்போம். முப்பது வருடம் இங்கே வாழ்ந்தும் அந்தப் பயம் என்னைவிட்டுப் போகவில்லை. இங்கே பிறந்தவளுக்கு அது எப்படித் தெரியும்?

திரும்ப அழைத்தேன். அவள் எடுக்கவில்லை. மார்க்கத்தில் வீடு வந்து சேரும்வரை, ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அழைத்துப் பார்த்தேன்.

"பிள்ளை கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லேலாதோ?" என்றாள் நடந்ததைக் கேட்ட மனைவி. "வீட்டு டக்ட் கிளீன் பண்ணவோ எண்டு விளம்பரத்துக்கு எடுக்கிறவனைத் தவிர உங்கட போனை ஆர் தேடுறான்?"

நேரில் வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தபடி ஜன்னலடியில் நின்றேன். கையெழுத்து வைக்காதே என்றால் அவளுடைய வேலை போகும். வை என்றால், நான் எதற்காக நாட்டை விட்டு ஓடி வந்தேன்?

வெளிச்சம் மங்கமுன் அவளுடைய கார் வந்தது. சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தாள்.

"சைன் பண்ணிட்டன்," என்றாள். "நீங்களே பயந்து போனைக் கட் பண்ணினீங்கள். மேல இருக்கிறவையை எதிர்த்தா எப்பிடி முடியும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே எண்டு நினைச்சன்."