சம்பந்திக்கு விரால்

தம்பி என்னைக் கறிக்கடைக்குப் போகச் சொன்னான். மாட்டேன் என்றேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவனுடைய மாமனாரும் மாமியாரும் பொன்னேரிப் பக்கத்திலிருந்து முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர்கள். எங்கள் அப்பா அந்த மாதிரி நிலங்களில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். தம்பியும் அந்தப் பெண்ணும் தேர்வாய் கண்டிகையில் ஒரே கம்பெனியில் வேலை செய்து, பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் கல்யாணத்துக்கு வந்தார்கள், சாப்பிடாமல் போய்விட்டார்கள். கை நனைக்காமல் போனால் உறவே வேண்டாம் என்று அர்த்தம். இன்றைக்காவது சாப்பிடுவார்களா என்பதுதான் கேள்வி. அந்த வாரம் முழுக்கத் தம்பி பொண்டாட்டி சரியாகத் தூங்கவில்லை.

"எங்க நைனாவுக்கு ஏரி விரால்னா உசுரு அண்ணி. இப்பல்லாம் எங்க கெடைக்குது? எல்லாம் வளர்ப்பு மீன்தான்" என்று முந்தின நாள் அவள் சொன்னாள்.

எனக்கு அது போதும். எனக்குத் தூண்டில் பைத்தியம். லீவு நாளில் துணி துவைக்காமல் ஏரிக்குப் போகிறாள் என்று தெருவே பேசும். பேசட்டும். வாரம் முழுக்க சூப்பர்வைசர் மூஞ்சியைப் பார்க்கிறவள் ஒரு நாள் தண்ணீரைப் பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

விடிந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நல்ல மழை பெய்து ஏரி நிறைந்திருந்தது. எவனோ கரையோரம் கட்டட இடிபாட்டைக் கொட்டிவிட்டுப் போயிருந்தான். கையில் கிடைத்தால் அந்தச் செங்கல்லாலேயே அடித்திருப்பேன். ஆனால் அந்தக் கல் இடுக்கில்தான் விரால் பதுங்குகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். தூண்டிலில் ஒரு சின்னத் தவளையை மாட்டினேன்.

"அண்ணி, அது என்னியே பாக்குது."

"நீயும் பாரு. யாரு மொதல்ல கண்ண மூடறீங்கன்னு நான் பாக்கறேன்."

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த ஒருவன், "இன்னாக்கா, பொம்பளைங்க போட்டா மீனு வருமா?" என்றான்.

"நீ வாய மூடினா வரும்."

அவள் சிரித்த சிரிப்பில் இருந்த மீனும் ஓடியிருக்கும். வெகு நேரம் புழு போட்ட இன்னொரு தூண்டிலில் ஜிலேபிக் கெண்டைதான் சிக்கியது. வெயில் ஏற ஏற எனக்குள் பயம் வந்தது. வீட்டில் வேறு குழம்புக்கு வழியில்லை. அப்போதுதான் தவளைத் தூண்டிலின் மூங்கில் வில்லாக வளைந்தது. இழுத்துக் கரையில் போட்டேன். முழங்கை நீள விரால், கருகருவென்று. நான் வாயை மூடச் சொன்னேனே, அவனே எழுந்து வந்து பார்த்தான்.

விராலைப் பெயிண்ட் வாளியில் விட்டு, அவளைக் காவலுக்கு வைத்துவிட்டுத் தூண்டிலைச் சுற்றப் போனேன். வாளியின் அடியில் கொஞ்சம்தான் தண்ணீர் வைத்திருந்தேன். விரால் மேலே வந்து மூச்சு விடும், அதற்கு அது போதும். அவள் பாவப்பட்டு, மீன் வசதியாக இருக்கட்டும் என்று வாளி தளும்ப ஏரித் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். ஒரே துள்ளல். விரால் வெளியே விழுந்து, ஈரப் புல்லில் பாம்பு மாதிரி ஏரியைப் பார்த்துப் போனது.

நான் பாய்ந்தேன். கையில் சேறுதான் வந்தது. அவள் துப்பட்டாவைப் போட்டு அமுக்கினாள். அதிலிருந்தும் வழுக்கியது. அந்த நேரம் பார்த்து, எங்கள் வீட்டுக்குப் போகிற கரை ரோட்டில் ஒரு பைக் வந்து நின்றது. அவளுடைய அப்பாவும் அம்மாவும். மகள் சேற்றில் மண்டி போட்டிருக்கிறாள், நான் குப்புறக் கிடக்கிறேன். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"வால வுடு பாப்பா, தலையப் புடி" என்று அவர் மேலே இருந்து கத்தினார்.

"வழுக்குது நைனா."

அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பை உதறிவிட்டு இறங்கினார். தண்ணீருக்கு ஒரு சாண் இருக்கும்போது விராலின் கழுத்தை இரண்டு கையாலும் அமுக்கினார். வேட்டி முழுக்கச் சேறு. தகப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் அவர்கள் பேசியது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னாள்.

"துணி எவ தொவைக்கிறது?" என்று அவள் அம்மா மட்டும் பைக் பக்கத்திலிருந்தே கேட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

வீட்டில் சாம்பல் போட்டுத் தேய்த்து, கல்லில் உரசி, நானே குழம்பு வைத்தேன். அவர் தம்பியின் லுங்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மீன் தலையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த அம்மா தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. மகள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வெச்சிட்டுப் போ" என்றார் அந்த அம்மா.

ஒரு வாய் பிசைந்து மென்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னாமா, கொழம்புல புளியே பத்தல."

என் சமையலைக் குறை சொன்னவர்களை நான் சும்மா விட்டதில்லை. அன்று ஓடிப் போய்ச் சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.